பழைய டெஸ்க்டாப்புக்குப் புதிய செயலி: ஏ.எம்.4 கணினியை மேம்படுத்த முழுமையான வழிகாட்டி

2017, 2018 வாக்கில் வாங்கிய, ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் செயலி (சிபியு) உள்ள கணினி வீட்டில் இருந்தால், இப்போது அதைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டிய நிலை வந்திருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முதல் தலைமுறை ரைசன் செயலிகளோ விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. கடையில் கேட்டால் புதுக் கணினி வாங்கச் சொல்வார்கள். அந்தச் செலவைச் செய்வதற்கு முன், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் மதர்போர்டு எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்துவிடுங்கள். பலர் நினைப்பதைவிட அது அதிக தூரம் வரும்.

என் வீட்டுக் கணினியில் இருந்தது 4 கோர்கள் (கணக்கிடும் மையங்கள்) கொண்ட ரைசன் 3 1200. கூடவே ஒரே ஒரு 8 ஜிபி ரேம். இன்று அதே மதர்போர்டில், அதே கேபினட்டில், அதே எஸ்.எம்.பி.எஸ். மின்சாரத்தில் ரைசன் 5 5600 ஓடுகிறது. ரேம் 16 ஜிபி. மாற்றியவை செயலி, ரேம், பயாஸ் (கணினியை எழுப்பும் மதர்போர்டு நிரல்) ஆகிய மூன்றுதான். வேலையின் கடினம் கைத்திறனில் இல்லை, வரிசையில் இருக்கிறது: முதலில் பயாஸ், பிறகு செயலி, கடைசியாக ரேம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் கணினி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மூன்றையும் ஒரே மாலையில் ஒன்றாக மாற்றிவிட்டு, திரையில் ஒன்றும் வராமல் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு எதில் என்று அவர்களால் சொல்லவே முடியாது.

இது எப்படிச் சாத்தியமாகிறது

2017 மார்ச்சில் ரைசன் வந்தபோது ஏ.எம்.டி. அதற்காகப் பயன்படுத்திய சாக்கெட் (மதர்போர்டில் செயலி பொருந்தும் இடம்) ஏ.எம்.4. அடுத்து வந்த ரைசன் 2000, 3000, 5000 வரிசைகளும் அதே சாக்கெட்டில் பொருந்தின. ஆனால் பொருந்துவது வேறு, இயங்குவது வேறு. புதிய செயலியை எப்படி எழுப்புவது என்று மதர்போர்டில் இருக்கும் பயாஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2020 மே மாதத்தில், அடுத்து வரும் செயலிகள் 500 வரிசை மதர்போர்டுகளில் மட்டுமே இயங்கும் என்று ஏ.எம்.டி. அறிவித்தது. பயனர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அதே மாதத்திலேயே அதற்கு முந்தைய 400 வரிசைக்கும் வழி திறந்தது. 300 வரிசை வைத்திருந்தவர்கள் 2022 வரை காத்திருந்தார்கள். அந்த ஆண்டு அவர்களுக்கும் ஆதரவு கிடைத்தது. ஏ320, பி350, எக்ஸ்370 போர்டுகளில் ரைசன் 5000 ஓடுவது அதனால்தான். கேட்டதால் கிடைத்த வசதி இது. அதைப் பயன்படுத்தாமல் நல்ல போர்டுகளைக் காயலான் கடையில் போடுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

பணம் செலவழிக்கும் முன்

முதல் கேள்வி: உங்கள் கணினி இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்துதான் விண்டோஸைத் தொடங்குகிறதா? அப்படியானால் செயலியை மறந்துவிட்டு முதலில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பாதிப் பேருக்குத் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

அது ஏற்கெனவே இருக்கிறது என்றால், மதர்போர்டின் பெயரைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால், போர்டின் பெயரும் பயாஸ் பதிப்பும் தேதியும் அங்கே இருக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று திருத்தப் பதிப்புகள் வந்திருக்கக்கூடும். அந்த எண் போர்டின் மேலேயே சிறு எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்தப் போர்டுக்கான செயலிப் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு செயலிக்கும் எதிரே எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று எழுதியிருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் செயலி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். தெரிந்தவர் ஒருவருக்கு ஓடியது என்பதெல்லாம் கணக்கில் வராது.

எந்தச் செயலி? பெரும்பாலானவர்களுக்கு என் பதில் ரைசன் 5 5600. 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), 32 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள் இருக்கும் அதிவேக நினைவகம்), 65 வாட். எட்டு கோர் வேண்டுமென்றால் 5700எக்ஸ். அதுவும் 65 வாட்தான், ஆனால் பெட்டியில் கூலர் (செயலியைக் குளிர்விக்கும் விசிறி) வராது. விலை குறைவு என்று 5500-ஐ எடுக்கும் முன் அதில் எல்3 கேஷ் 16 எம்பி மட்டுமே என்பதைக் கவனியுங்கள். விளையாட்டுகளில் அந்த வித்தியாசம் தெரியும்.

65 வாட் என்பதை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 65 வாட் என்று அட்டையில் போட்ட செயலி முழு வேகத்தில் சாக்கெட் வழியாக 88 வாட் வரை இழுக்கும்; 105 வாட் செயலி 142 வாட் வரை. மலிவான ஏ320 போர்டுகளில் செயலிக்கு மின்சாரம் சீராக்கித் தரும் பகுதியின் மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகூடப் பெரும்பாலும் இருக்காது. சென்னை வெயிலில், காற்றோட்டம் குறைந்த கேபினட்டில், அந்தப் பகுதியின் மேல் 142 வாட் சுமையை ஏற்றாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். உங்கள் மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, தனி கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறதா? ரைசன் 3 2200ஜி, 3200ஜி போன்ற செயலிகளுக்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. 5600-க்குள் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் அதைப் பொருத்தினால், எல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வாங்க வேண்டியது 5600ஜி.

பூட்டும் சாவியும்

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, விண்டோஸ் அமைப்புகளில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், அந்தப் பூட்டைத் திறக்கும் ரகசியத்தின் ஒரு பகுதி செயலிக்குள் இருக்கும் எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பெட்டகத்தோடு பிணைந்திருக்கிறது. செயலியை மாற்றினால் பெட்டகமும் மாறிவிடும். பயாஸைப் புதுப்பித்தாலே சில நேரம் அது சாவி கேட்கும். எனவே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். 48 இலக்க மீட்புச் சாவியை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை அதே கணினிக்குள் சேமித்து வைப்பதால் பயனில்லை. தினமும் நான்கு இலக்கப் பின் போட்டு நுழைபவர்கள் கணக்கின் முழுக் கடவுச்சொல்லையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். செயலி மாறியதும் அந்தப் பின் வேலை செய்யாமல் போகலாம்.

பயாஸ்: பழைய செயலி இருக்கும்போதே

புதிய செயலியைப் பொருத்திவிட்டுப் பயாஸைப் புதுப்பிக்கலாம் என்று நினைத்தால், பழைய பயாஸுக்குப் புதிய செயலி யாரென்றே தெரியாது. திரை வராது, புதுப்பிக்கவும் முடியாது. எனவே கூலரில் கை வைப்பதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, உங்கள் போர்டின் திருத்த எண்ணுக்குரிய பயாஸ் கோப்பைத் தரவிறக்குங்கள். அதன் கீழே இருக்கும் குறிப்புகளை வரி விடாமல் படியுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரடியாகப் புதியதற்குத் தாவ முடியாது, நடுவில் ஒரு பதிப்பைப் போட வேண்டும் என்று சில போர்டுகளுக்கு எழுதியிருக்கும். ரைசனுக்கு முந்தைய ஏ6, ஏ8 வகைச் செயலி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயாஸ் சிப்பில் இடம் குறைவு என்பதால், புதிய செயலிகளைச் சேர்க்கும்போது அந்தப் பழையவற்றுக்கான ஆதரவைச் சில பதிப்புகளில் நீக்கியிருக்கிறார்கள். உங்கள் போர்டுக்கான குறிப்பில் அப்படி இருந்தால், புதிய செயலி கையில் வந்த பிறகே புதுப்பியுங்கள்.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஏஜெசா 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது என்று இருப்பதைத் தேடுங்கள். ஏஜெசா என்பது ஏ.எம்.டி. எழுதி மதர்போர்டு நிறுவனங்களுக்குத் தரும் அடிப்படை நிரல். செயலியை எழுப்புவது அதுதான். எஃப்.டி.பி.எம். இயங்கும்போது கணினி அவ்வப்போது ஒரு நொடி திக்கி நிற்கும் குறை ஒன்று இருந்தது. 2022-ல் ஏ.எம்.டி. அதை ஒப்புக்கொண்டு இந்தப் பதிப்பில் சரிசெய்தது.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பென் டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மட் செய்து, சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை அதில் வையுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்து டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். இப்போதைய அமைப்புகளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்ததும் அவை அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். புதுப்பிக்கும் வசதிக்கு அசுஸில் ஈஸி ஃபிளாஷ், எம்.எஸ்.ஐ.யில் எம்-ஃபிளாஷ், ஜிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், அஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ் என்று பெயர். விண்டோஸுக்குள் இருந்தபடியே பயாஸைப் புதுப்பிக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நடுவில் விண்டோஸ் உறைந்துவிட்டால் போர்டும் போய்விடும்.

இந்த வேலை நடக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போகக் கூடாது. யு.பி.எஸ். இல்லாதவர்கள் ஒருநாள் இரவல் வாங்குங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலோ, இடி மின்னல் உள்ள மாலையிலோ தொடங்காதீர்கள். நடுவில் கணினி தானாகவே ஓரிரு முறை அணைந்து எழும். கை வைக்காமல் பொறுமையாக இருங்கள்.

முடிந்ததும் விண்டோஸ் வழக்கம்போல் வருகிறதா என்று பாருங்கள். வராமல் நேராகப் பயாஸ் திரைக்கே போனால் பயப்படத் தேவையில்லை. டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய எம்.பி.ஆர். முறையில் நிறுவிய விண்டோஸாக இருந்து, அதைத் தொடங்க உதவும் சி.எஸ்.எம். என்ற பயாஸ் அமைப்பு புதுப்பித்தபோது அணைந்திருக்கலாம். அதை மீண்டும் இயக்கினால் கணினி எழும். இந்த நிலையிலேயே, பழைய செயலியோடு, இரண்டு மூன்று நாள் வழக்கம்போல் வேலை செய்யுங்கள்.

செயலியை மாற்றும் நாள்

தேவையானவை: ஸ்டார் முனை திருப்புளி, செயலியின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு பிடிக்காத துணி, நல்ல வெளிச்சம். புதிய கூலரின் அடியில் தொழிற்சாலையிலேயே பேஸ்ட் தடவியிருந்தால் தனியாக வாங்க வேண்டாம்.

கூலரைக் கழற்றுவதில்தான் இந்த வேலையின் முழு ஆபத்தும் இருக்கிறது. ஏ.எம்.4 செயலியில் 1331 பின்கள் செயலியின் அடியிலேயே இருக்கின்றன. சாக்கெட் அவற்றைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்திருக்கும், மேலே பூட்டு எதுவும் கிடையாது. பல வருடப் பேஸ்ட் இறுகிக் கிடக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், சாக்கெட்டின் ஓரத்தில் உள்ள நெம்புகோல் பூட்டியபடியே இருக்க, செயலியும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. "பட்" என்று ஒரு சத்தம். கையில் கூலர், அதன் அடியில் செயலி, ஓரத்தில் இரண்டு பின்கள் சாய்ந்திருந்தன. குச்சியை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனையை ஒவ்வொரு பின்னின் மேலும் செருகி, மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினேன். அரை மணி நேரம் ஆனது. அந்தச் செயலி பிழைத்தது, ஆனால் அந்த அரை மணி நேரம் யாருக்கும் வேண்டாம்.

அதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் செயலியைச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். பிறகு கணினியை அணைத்து, பின்பக்க மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டைப் படுக்கவைத்து, அதன் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். கூலரின் விசிறிக் கம்பியைக் கழற்றி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். தூக்க முயலாமல், ஜாடி மூடியைத் திருப்புவதுபோல் இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். பிடி விட்டதைக் கை உணரும். அப்போது பக்கவாட்டில் சாய்த்து எடுங்கள்.

ஏ.எம்.டி.யின் ரெய்த் ஸ்டெல்த் கூலர் திருகுகளால் நேராகப் பின்தகட்டில் பூட்டப்படுவது. உங்கள் போர்டில் பிளாஸ்டிக் கொக்கிகள் இருந்தால் அவற்றைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றும்போது போர்டின் பின்பக்கம் இருக்கும் உலோகத் தகடு விழுந்துவிடும்; கேபினட்டின் மறுபக்கத் திறப்பு வழியே ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள்.

நெம்புகோலைச் சற்று வெளியே தள்ளி முழுவதும் நிமிர்த்தினால் பழைய செயலி தளர்ந்துவிடும். ஓரங்களைப் பிடித்து நேராக மேலே எடுங்கள். புதிய செயலியின் ஒரு மூலையில் சிறு தங்க நிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே மூலையில் முக்கோணக் குறி உண்டு. இரண்டையும் பொருத்தி வைத்தால் செயலி தன் எடையாலேயே உள்ளே இறங்கும். இறங்கவில்லையென்றால் எடுத்துப் பின்களைப் பாருங்கள். எந்த நிலையிலும் அழுத்தாதீர்கள். தட்டையாக அமர்ந்த பிறகு, ஒரு விரலால் லேசாகத் தொட்டுப் பிடித்தபடி நெம்புகோலை இறக்குங்கள்.

பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பழைய கூலரையே பயன்படுத்துவதானால், அதன் அடியை ஆல்கஹால் தொட்ட துணியால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை துடைத்த பிறகு பூட்டுங்கள். திருகுகளை மூலைக்கு மூலை, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று என்று மாறி மாறி இறுக்குங்கள். விசிறிக் கம்பியைச் செருக மறந்துவிடாதீர்கள்.

முதல் முறை இயக்கும்போது ஓரிரு நிமிடம் திரை கறுப்பாக இருக்கலாம். புதிய செயலி ரேமோடு பேசிப் பழகும் நேரம் அது. பொறுமையிழந்து அணைத்துவிடாதீர்கள். பிறகு, புதிய செயலி பொருத்தப்பட்டிருக்கிறது, எஃப்.டி.பி.எம். பதிவை அழிக்கவா என்று கேட்டு, ஒய் (Y) அல்லது என் (N) விசையை அழுத்தச் சொல்லும் திரை வரக்கூடும். பிட்லாக்கர் இல்லாதவர்களும், மீட்புச் சாவியைக் கையில் வைத்திருப்பவர்களும் ஒய் அழுத்தலாம். சாவி இல்லாதவர்கள் என் (N) விசையை அழுத்துங்கள்; பழைய செயலியை மீண்டும் பொருத்திச் சாவியை எடுத்துவர வழி திறந்தே இருக்கும்.

ஐந்து நிமிடம் ஆகியும் திரை வரவில்லையா? போர்டில் சிபியு (செயலி), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால், எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். விளக்கு இல்லாத போர்டில், பயாஸ் அமைப்புகளை அழிக்க, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துத் திரும்பப் போடுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால், சாக்கெட் அருகே செருகும் செயலிக்கான மின்கம்பி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கூலரைக் கழற்றும்போது கை பட்டுத் தளர்வது சகஜம்.

ரேம்

ரேமைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் தலைமுறை ரைசன் ரேம் விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பது. வேகமான ரேமைப் போட்டால் பல நேரம் எழாது. 5600 அதிகாரப்பூர்வமாகவே டி.டி.ஆர்.4-3200 வேகத்தை ஏற்கிறது.

ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகள் மேல். 2400 வேகத்தில் ஒற்றை ஸ்டிக் நொடிக்கு 19.2 ஜிகாபைட் கடத்தும். 3200 வேகத்தில் இரண்டு ஸ்டிக்குகள் இரு வழியாக ஓடினால் 51.2 ஜிகாபைட். செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி போன்றவற்றில் இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே காணலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் ஜோடியாக வாங்குங்கள். பழைய 2400 ஸ்டிக்கோடு புதிய 3200-ஐச் சேர்த்தால் இரண்டுமே 2400-ல்தான் ஓடும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். ரேமின் கீழ் விளிம்பில் உள்ள வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்த வேண்டும். ஒரு முனையை அழுத்தி ஒரு சொடக்கு, மறுமுனையை அழுத்தி இன்னொன்று. இங்கே கொஞ்சம் பலம் தேவை. செயலிக்குக் காட்டிய மென்மையை இதற்கும் காட்டினால் ரேம் அரைகுறையாக உட்காரும்.

பொருத்தியதோடு வேலை முடியவில்லை. 3200 என்று அட்டையில் இருந்தாலும், பல ரேம்கள் தாமாக 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அமைப்பை இயக்க வேண்டும்; அசுஸ் போர்டுகளில் அதன் பெயர் டி.ஓ.சி.பி. பிறகு டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்து வேகத்தைச் சரிபாருங்கள். பணம் கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் பயன்படுத்தாமலே இருப்பவர்கள் ஏராளம்.

அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டுத் தூங்குங்கள். காலையில் பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பிழை என்றாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேகத்தை ஒரு படி குறைத்து மீண்டும் ஓடவிடுங்கள், அப்போதும் வந்தால் ரேமைக் கடையில் மாற்றுங்கள். ரேமின் பிழை உடனே தெரியாது. சில மாதம் கழித்துத் திறக்க மறுக்கும் புகைப்படமாகத்தான் வெளியே வரும்.

கடைசிச் சோதனைகள்

வெப்பத்தைக் காட்டும் எச்.டபிள்யு.இன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, செயலிக்கு முழு வேலை கொடுக்கும் சினிபெஞ்ச் போன்ற ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 5600-க்கு ஏ.எம்.டி. வகுத்த உச்ச வெப்பம் 90 டிகிரி. ரெய்த் ஸ்டெல்த் கூலரில் 80-ஐத் தொடுவது இயல்பு. தொடங்கிய சில நொடிகளிலேயே 90-ஐ எட்டினால் கூலர் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. கழற்றிப் புதிதாகப் பேஸ்ட் வைத்துப் பூட்டுங்கள்.

பிட்லாக்கரை மீண்டும் இயக்குங்கள். விண்டோஸ் 11-க்குப் போவதானால் பயாஸில் எஃப்.டி.பி.எம். இயங்க வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) வசதி இருக்க வேண்டும், எம்.பி.ஆர். முறை டிஸ்க்கை முதலில் ஜி.பி.டி. என்ற புதிய முறைக்கு மாற்றியாக வேண்டும். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் மென்பொருளை ஓட்டினால் எது குறைகிறது என்று அதுவே சொல்லிவிடும்.

பழைய செயலியைத் தூக்கி எறியாதீர்கள். புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள் அது அப்படியே பொருந்தும், பின்களும் பத்திரமாக இருக்கும். ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை உங்களுக்கே அது தேவைப்படலாம். அதற்குப் பிறகு, பயாஸைப் புதுப்பிக்காமலே புதிய செயலியைப் பொருத்திவிட்டுக் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது ஒரு மாலை இரவல் கொடுங்கள்.